இடப்பக்கம், கீழே, ஆறாவது பல்

கொட்டாம்பட்டி
6 பிப்ரவரி 2025

சரண்யாதேவிக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. ஆறரை வருஷமாக நான் உன்னோடு பேசுவதில்லை என்பது ஊருக்கே தெரியும். உன் நம்பரை என் போனில் வராதபடி செய்து வைத்திருக்கிறேன், அது அப்படியே இருக்கட்டும். பதில் சொல்ல வேண்டுமென்றால் தபாலில் எழுது. படிப்பதா அடுப்பில் போடுவதா என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் ஸ்கேன் சென்டர் சிம்மக்கல்லிலிருந்து ஆரப்பாளையத்துக்கு மாறியது எனக்குத் தெரியாது. ஒத்தக்கடையில் டாக்டர் மதுவந்தி பல்லைப் பார்த்துவிட்டு, சின்ன எக்ஸ்ரேயில் ஒன்றும் பிடிபடவில்லை, முப்பரிமாண ஸ்கேன் எடுத்து வாருங்கள் என்று சீட்டுக் கொடுத்தார். சீட்டில் இருந்த இடத்துக்கு வந்தால் உள்ளே வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு என் நாத்தனார் நிற்கிறாள். அப்படியே திரும்பியிருப்பேன். இரண்டு மாதமாகச் சோற்றை ஒரு பக்கமாகவே மென்று தின்கிறவளுக்கு ரோஷம் கொஞ்சம் குறைந்துதான் போகிறது.

நீ ஒரு டப்பாவைத் திறந்து மஞ்சள் கிழங்கு கட்டிய கயிற்றை நீட்டினாய். தோடு, மூக்குத்தி, தாலிச் சங்கிலி எல்லாம் கழற்ற வேண்டும், தாலியைக் கழற்றச் சங்கடப்படுகிறவர்கள் அதுவரை கட்டிக்கொள்ள இந்தக் கயிற்றை வைத்திருக்கிறோம் என்று எல்லாரிடமும் சொல்வதைப் போல என்னிடமும் சொன்னாய். நல்ல பழக்கம்தான். என்னிடம் சொல்ல உனக்கு நாக்கு எழுந்ததே, அதுதான் ஆச்சரியம். நான் தாலியைக் கைக்குள் பிடித்து நெஞ்சுக்குக் கீழே இழுத்துக்கொண்டு நின்றேன். மெஷின் என் தலையைச் சுற்றி வந்து நின்றது.

அத்தோடு போயிருந்தால் இந்தக் கடிதம் இல்லை. மறுநாள் மத்தியானம் ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். அலமாரியில் இருக்கும் பட்டன் போன் ஒரு தடவை சத்தம் போட்டது. அது உன் அண்ணனின் நம்பர். சிம் என் பெயரில் வாங்கியது. அவர் போனோடு போய்விட்டதால் அதே நம்பருக்கு வேறு சிம் வாங்கிப் போட்டு, மாதம் தவறாமல் உயிரோடு வைத்திருக்கிறேன். எடுத்துப் பார்த்தால் இப்படி இருந்தது:

"அழகுராஜா அவர்களுக்கு வணக்கம். தங்கள் பல் ஸ்கேன் தயார். நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும்."

எத்தனை நேரம் நின்றேனோ தெரியாது. அடுப்பில் பால் தீய்ந்த வாடை வந்த பிறகுதான் கால் நகர்ந்தது.

செத்துப்போனார் என்று கையெழுத்துப் போட்டவள் நீ. இப்போது ஸ்கேனை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்கிறவளும் நீ. இரண்டில் எது உண்மை என்று எழுது.

அன்னக்கொடி


ஆரப்பாளையம், மதுரை
10 பிப்ரவரி 2025

மதினிக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்க முடியாமல் மத்தியானம் வரை வைத்திருந்தேன். நீங்கள் என்னைத் திட்ட உரிமை உள்ளவர்கள். ஆனால் அந்தச் செய்தியை நான் அனுப்பவில்லை, கம்ப்யூட்டர் அனுப்பியது.

எங்களிடம் ஒருவருடைய பெயரை வைத்து ஃபைல் திறப்பதில்லை, போன் நம்பரை வைத்துத்தான் திறக்கிறோம். இது எல்லா ஊருக்கும் சரிப்படும், நம் ஊருக்குச் சரிப்படாது. நம் வீடுகளில் மாமியார், மருமகள், பிள்ளைகள் என்று யார் வந்தாலும் வீட்டுக்காரர் நம்பரைத்தான் கொடுப்பார்கள். முன்னால் உட்கார்ந்திருந்த பெண் உங்களிடம் நம்பர் கேட்டாள், நீங்கள் அண்ணன் நம்பரைச் சொன்னீர்கள். ஏழு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் இங்கே ஸ்கேன் எடுத்தபோது கொடுத்ததும் அதே நம்பர். பழைய ஆள் என்று நினைத்து அவள் அந்த ஃபைலையே திறந்துவிட்டாள்.

நான் கவனிக்கவில்லையா என்று கேட்பீர்கள். கவனித்தேன். கண்ணாடிக்குப் பின்னால் என் திரையில் அண்ணன் பெயர் இருந்தது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீங்கள் தாலியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். வெளியே வந்து "இது வேற ஆள் ஃபைல்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாயங்காலம் பெயரை மாற்றினேன். அது பிந்திவிட்டது.

உங்கள் பல்லைப் பற்றி. இடப்பக்கம், கீழே, நடுவிலிருந்து எண்ணினால் ஆறாவது பல். அதன் பின் வேரில் மேலிருந்து கீழாக மயிரிழை போல ஒரு விரிசல் ஓடுகிறது. சின்ன எக்ஸ்ரே என்பது நிழல் மாதிரி. முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துவிடும். எங்கள் மெஷின் சுற்றி வந்து எடுப்பதால் வேரைக் கத்தரிக்காய் நறுக்குவது போல வில்லை வில்லையாகப் பார்க்கலாம். நாற்பத்திரண்டாவது வில்லையில்தான் விரிசல் தெரிந்தது. சொத்தை இல்லாத நல்ல பல் இப்படிப் பிளப்பது அபூர்வம். தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்களுக்கு, வருஷக்கணக்காகக் கடித்தால், வரும். அந்தப் பல்லை எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றுதான் டாக்டர் சொல்வார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அண்ணனுக்கும் வலி வந்தது அதே பல்லில்தான். இடப்பக்கம், கீழே, ஆறாவது. வேர் சிகிச்சை செய்து வெள்ளிநிற அடைப்பு வைத்த பிறகும் வலி நிற்கவில்லை என்றுதான் இங்கே வந்தார். எல்லாருக்கும் இரண்டு வேர் இருக்கும் இடத்தில் அவருக்கு உள்பக்கமாக மூன்றாவதாக ஒரு குட்டி வேர். இன்னொரு வேருக்குள் சிகிச்சை ஊசியின் நுனி உடைந்து கிடந்தது.

அன்றைக்கு அசையாமல் நிற்கச் சொன்னேன். மெஷின் சுற்ற ஆரம்பித்ததும், "என்னடி, திருஷ்டி கழிக்கிற மாதிரி சுத்துது" என்று சிரித்தார். மறுபடி எடுத்தேன். இரண்டாவது தடவையும் கடைசி நொடியில் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதனால் படத்தில் பற்களின் விளிம்பு இரண்டிரண்டாக விழுந்திருக்கிறது. என்ன சொல்ல வந்தார் என்று நான் கேட்கவே இல்லை. அந்தப் படத்தை என்னால் அழிக்க முடியவில்லை, மதினி. வேலை இல்லாத மத்தியானங்களில் திறந்து பார்ப்பேன். முகம் இருக்காது. கறுப்பில் அந்தத் தாடை மட்டும் பேச வந்த மாதிரியே நிற்கும்.

தப்பு என்னுடையதுதான். மன்னியுங்கள்.

சரண்யாதேவி


கொட்டாம்பட்டி
15 பிப்ரவரி 2025

சரண்யாதேவிக்கு,

உன் கடிதத்தை அடுப்பில் போடவில்லை. நாலு தடவை படித்தேன்.

அந்தப் படம் ஏழு வருஷமாக உன் கையில் இருந்திருக்கிறது. மூன்று வேர், உடைந்த ஊசி, அடைப்பு என்று அவ்வளவும் தெரிந்தவள் நீ. 2018 ஆகஸ்டில் மோட்டாருக்கு வாஷர் வாங்க மேலூர் போனவர் திரும்பவில்லை. மூன்று வாரம் கழித்துக் குவாரிப் பள்ளத்துத் தண்ணீரில் ஒரு உடம்பு கிடைத்தது. முகம் இல்லை என்று சொன்னார்கள். என்னைப் பார்க்க விடவில்லை, பொம்பளை தாங்கமாட்டாள் என்று உன்னையும் சித்தப்பாவையும் மட்டும் பிணவறைக்குக் கூட்டிப் போனார்கள். நீயும் பொம்பளைதான், ஆனால் ஆஸ்பத்திரி வேலை தெரிந்த பொம்பளை. பெல்ட்டையும் செருப்பையும் பார்த்து இது எங்கள் அண்ணன்தான் என்று எழுதிக் கொடுத்தாய். அந்த பெல்ட் மேலூர்ச் சந்தையில் குவியலாகப் போட்டு விற்றது. ஆயிரம் பேர் இடுப்பில் இருந்திருக்கும்.

நீ எழுதிக் கொடுத்த அன்றோடு போலீஸ் தேடுவதை நிறுத்தியது. அதற்கு முந்தின நாள்வரை திருச்சி, திண்டுக்கல் என்று ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

அந்த உடம்பை நம் வயலின் மூலையில், மோட்டார் ரூமுக்குப் பின்னால் புதைத்தீர்கள். நான் அறையை விட்டு வெளியே வரவில்லை. என் தாலியை இறக்க வந்தவர்களிடம், "நான் பாக்காத உடம்புக்கு நான் தாலி அறுக்க முடியாது" என்று சொன்னேன். கிறுக்கு என்றார்கள். நீயும் அதைத்தான் சொன்னாய்.

இப்போது கேட்கிறேன். வாயைத் திறந்து பார்த்தாயா இல்லையா? பார்க்கவில்லை என்றால் ஏன் பார்க்கவில்லை? இதற்குப் பதில் வரும்வரை நான் பல்லை எடுக்கப் போவதில்லை. டாக்டரிடம் சொல்லிவிட்டேன்.

அன்னக்கொடி


ஆரப்பாளையம்
24 பிப்ரவரி 2025

மதினிக்கு,

பார்த்தேன்.

இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. சித்தப்பா வாசனை தாங்காமல் வெளியே போய்விட்டார். வெள்ளை ஓடு பதித்த சுவர், சொட்டிக்கொண்டே இருந்த ஒரு குழாய், மேஜையில் துணி போர்த்திய உடம்பு. வேலைக்குச் சேர்ந்து பத்து மாதம்தான் ஆகியிருந்தது. எனக்குத் தெரியும் என்ற திமிர் இருந்தது. பெல்ட் போதாது, பல்லைப் பார்க்க வேண்டும் என்று அங்கிருந்தவரிடம் நானேதான் கேட்டேன். அவர் கையுறை போட்டுக்கொண்டு தாடையை இறக்கிப் பிடித்தார். நான் செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன்.

கீழே, இடப்பக்கம், ஆறாவது பல். வெள்ளிநிற அடைப்பு இருந்தது. மற்ற எந்தப் பல்லிலும் இல்லை. அண்ணனுக்கும் அது ஒன்றில்தான் அடைப்பு. நான் அழுதுகொண்டே எண்ணினேன், இரண்டு தடவை எண்ணினேன். அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். வேர்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். இவ்வளவு பொருந்திய பிறகு எதற்கு என்று நினைத்தேன். வீட்டார் அடையாளம் சொல்லிவிட்டதால் வேறு பரிசோதனையும் யாரும் கேட்கவில்லை.

உங்களிடம் சொல்லாததற்குக் காரணம், தாடையை இறக்கியதை எல்லாம் நீங்கள் மனதில் வைத்துக்கொண்டு படுக்க வேண்டாமே என்பதுதான். மதினி, அது அண்ணன்தான். என் கண்ணால் பார்த்தேன். தயவுசெய்து அந்தப் பல்லை எடுத்துவிடுங்கள், சீழ் வைத்தால் தாடை எலும்பு கெட்டுவிடும்.

சரண்யாதேவி


கொட்டாம்பட்டி
2 மார்ச் 2025

சரண்யாவுக்கு,

நேற்று ஒத்தக்கடை போயிருந்தேன். வீக்கத்துக்கு மாத்திரை வாங்கத்தான். டாக்டர் மதுவந்தி என் ஸ்கேனைத் திரையில் போட்டு விரிசலைக் காட்டினார். வலி இடப்பக்கம், ஆனால் அவர் விரல் வைத்தது திரையின் வலப்பக்கத்தில். வேறு யாருடைய படமோ என்று மறுபடியும் பயந்துவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "எதிர்ல நின்னு பாக்குற மாதிரிதாம்மா படம் இருக்கும். உங்க இடது எனக்கு வலது" என்றார்.

நான் தையல்காரி. அளவெடுக்கும்போது முன்னால் நின்றால் ஒரு மாதிரி, முதுகுப் பக்கம் நின்றால் ஒரு மாதிரி. பழக வருகிறவர்கள் முதல் மாதம் இடக்கையை வலக்கையில் வைத்துத்தான் தைப்பார்கள். பழகிய பிறகு கை தானாக மாற்றிக்கொள்ளும். மாற்ற வேண்டாத இடத்திலும் மாற்றிக்கொள்ளும், அதுதான் தொல்லை. எனக்கே நடந்திருக்கிறது.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இதே யோசனை. உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. ஒன்றை மட்டும் சொல். அந்த மேஜைக்கு எந்தப் பக்கம் நின்று பார்த்தாய்? கால்மாட்டிலா, விலாப் பக்கமா, தலைமாட்டிலா?

நன்றாக நினைத்துப் பார்த்துச் சொல். அவசரமில்லை. ஆறரை வருஷம் காத்திருந்தவள் இன்னும் பத்து நாள் இருப்பேன்.

அன்னக்கொடி


ஆரப்பாளையம்
11 மார்ச் 2025

மதினி,

தலைமாட்டில்.

உங்கள் கடிதம் வந்த அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, எழுதத்தான் ஒரு வாரம் ஆனது. குழாய் எனக்கு நேர் எதிரே, கால்மாட்டுச் சுவரில் இருந்தது. தாடையைப் பிடித்தவர் விலாப் பக்கம் நின்றார். நான் தலைக்குப் பின்னால் நின்று குனிந்து பார்த்தேன். இந்த இடம் என் நினைவில் கொஞ்சமும் மங்கவில்லை. ஒரு நாளும் இதைச் சரிபார்க்க வேண்டுமென்று தோன்றவும் இல்லை.

இங்கே டாக்டர்களுக்குக் காட்ட ஒரு பிளாஸ்டிக் தாடை வைத்திருக்கிறோம். மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு அதை மேஜையில் மல்லாத்தி வைத்து, தலைமாட்டில் போய் நின்றேன். அப்படி நின்றால் படுத்திருப்பவருடைய இடது நமக்கும் இடது. மாற்றிப் பார்க்கத் தேவையே இல்லை. அன்றைக்கு அடைப்பு இருந்தது என் வலக்கைப் பக்கம். பத்து மாதமாகத் திரையையே பார்த்துப் பார்த்து, வலக்கைப் பக்கம் தெரிந்தால் அது ஆளுடைய இடது என்று என் தலை தானாக மாற்றிக்கொண்டது. மாற்ற வேண்டாத இடத்தில் மாற்றிவிட்டேன்.

அது அந்த ஆளுடைய வலப்பக்கப் பல். அண்ணனுக்கு அடைத்தது இடப்பக்கம். அண்ணனுடைய வலப்பக்கத்தில் ஒரு குறையும் கிடையாது, படம் இருக்கிறது.

நாம் புதைத்தது அண்ணனை இல்லை.

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய்க் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தேன், ஏன் என்று தெரியவில்லை. ஒவ்வொரு வருஷமும் அந்த மூலையில் விளக்கு வைத்து, "அண்ணே" என்று கூப்பிட்டு, பிடித்த அதிரசத்தை வைத்துவிட்டு வருவேனே. யாருக்கு வைத்தேன்? யாரைக் கூப்பிட்டேன்? கேட்டுக்கொண்டிருந்தது யார்?

அண்ணன் அன்றைக்கு எங்கேயாவது உயிரோடு கிடந்திருந்தால், தேடிக்கொண்டிருந்தவர்களை நிறுத்தியது என் ஒரு கையெழுத்து. இதற்கு மன்னிப்பு என்று ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை, அதனால் கேட்கவில்லை. நாளை ஸ்டேஷனுக்குப் போகிறேன். தப்பாக அடையாளம் காட்டினேன் என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். தோண்டிப் பார்க்க வேண்டியிருக்கும். உங்கள் வயல். நீங்கள் சரி என்று சொல்ல வேண்டும்.

சரண்யா


கொட்டாம்பட்டி
16 மார்ச் 2025

சரண்யாவுக்கு,

ஜெயித்துவிட்டோம் என்று சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு வாசற்படியில் உட்கார்ந்தேன், விளக்கு வைக்கும் நேரம்வரை அங்கேயே இருந்தேன். ஆறரை வருஷம் பிடிவாதமாகச் சொன்னது சரி என்று ஆனதும்தான் ஒன்று புரிகிறது. அதுவரைக்கும் என் பிடிவாதத்தில் எனக்கே பாதிதான் நம்பிக்கை இருந்திருக்கிறது.

உன்மேல் கோபம் போய்விட்டதா என்றால் இல்லை. அதற்கு இன்னும் நாள் ஆகும். ஆனால் ஒன்று சொல்கிறேன், இதுவும் யாரிடமும் சொல்லாதது.

வயலில் களை எடுக்கும்போது அந்த மூலைக்கு வந்தால் என் கை தானாகப் போய் மாராப்பைச் சரிசெய்யும். உச்சி வெயில், சுற்றிலும் ஒரு காக்கா கிடையாது, மோட்டார்கூட ஓடாது. இருந்தாலும் யாரோ ஒரு ஆம்பளை ஒதுங்கி உட்கார்ந்திருக்கிற இடத்தில் நுழைந்த மாதிரி கூசும். குரலைத் தாழ்த்திக்கொள்வேன். ஒரு தடவை குனிந்து கடலைச் செடி பிடுங்கும்போது, "கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கங்க" என்று என் வாயால் சொல்லியிருக்கிறேன். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்று தூக்கிவாரிப் போட்டது. புருஷன் இருக்கிற இடத்தில் எவளாவது அப்படிக் கூசுவாளா? அது உன் அண்ணன் இல்லை என்று நான் அடித்துச் சொன்னதற்கு என்னிடம் இருந்த சாட்சி இது ஒன்றுதான். இதைப் போய் எந்த அதிகாரியிடம் சொல்ல?

தோண்டட்டும். நான் பக்கத்தில் நிற்பேன். இந்தத் தடவை என்னை அறைக்குள் அடைக்க யாரும் வர வேண்டாம்.

அன்னக்கொடி


ஆரப்பாளையம்
29 ஏப்ரல் 2025

மதினிக்கு,

தோண்டிய அன்று தாசில்தார், போலீஸ், டாக்டர் எல்லாரும் ஒதுங்கி நின்றபோது நீங்கள் மட்டும் குழியின் விளிம்பில் நின்றதைப் பார்த்தேன். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் எனக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினீர்கள். அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

டி.என்.ஏ. முடிவு வர மாதக்கணக்கில் ஆகுமாம். அதற்குள் பல்லைப் பார்த்துவிடலாம் என்று தடயவியல் டாக்டர் எங்கள் மெஷினைக் கேட்டார். நேற்று ஏட்டு சோணைமுத்து முத்திரை வைத்த அட்டைப்பெட்டியில் கொண்டுவந்தார். வேறு ஆளை எடுக்கச் சொல்கிறேன் என்று ஓனர் சொன்னார். நான்தான் எடுப்பேன் என்றேன்.

நிற்கிற ஆளுக்குத்தான் மெஷின். அதனால் தாடையைப் பஞ்சுக்கட்டையில் வைத்து, முகவாய் வைக்கும் இடத்தில் ஏற்றி வைத்தேன். வலம் எது, இடம் எது என்று சிவப்பு மையில் சீட்டு எழுதி ஒட்டினேன். டாக்டரை இரண்டு தடவை சரிபார்க்கச் சொன்னேன். பட்டனை அழுத்துவதற்கு முன்னால் பழக்கத்தில் "அசையாம நில்லுங்க" என்று சொல்லிவிட்டேன். ஏட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். மெஷின் சுற்றி வந்தது. அந்த ஆள் கொஞ்சமும் அசையவில்லை, மதினி. இவ்வளவு தெளிவான படம் நான் எடுத்ததே இல்லை.

வலப்பக்கம், கீழே, ஆறாவது பல்லில் அடைப்பு. இடப்பக்கம் ஒரு குறையும் இல்லாத பல், இரண்டே வேர். மூன்றாவது வேர் இல்லை, உடைந்த ஊசி இல்லை. அண்ணன் இல்லை. அண்ணன் ஃபைலைப் போலீஸ் மறுபடியும் திறந்துவிட்டார்கள்.

இன்னொரு தப்புச் செய்துவிட்டேன். பெயர் என்ற இடத்தில் "பெயர் தெரியாதவர்" என்று போட்டுவிட்டேன். போன் நம்பர் இல்லாமல் கம்ப்யூட்டர் அடுத்த பக்கம் போகாது. "எதாச்சும் ஒரு நம்பரப் போடும்மா" என்றார் ஏட்டு. என் நம்பரைப் போட்டிருக்கலாம். விரல் அண்ணன் நம்பரைப் போட்டுவிட்டது. உங்களுக்கு ஒரு செய்தி வரும். பயப்படாதீர்கள், அதற்காகத்தான் முன்னாலேயே எழுதுகிறேன்.

இந்த மாதத்தோடு வேலையை விடலாம் என்றிருக்கிறேன். யார் வந்து நின்றாலும் அவர்களுடைய இடது எது என்று கை நடுங்குகிறது.

சரண்யா


கொட்டாம்பட்டி
21 மே 2025

அன்புள்ள சரண்யா,

உன் கடிதத்துக்கு முன்னால் செய்தி வந்துவிட்டது. "பெயர் தெரியாதவர் அவர்களுக்கு வணக்கம். தங்கள் பல் ஸ்கேன் தயார்." இந்தத் தடவை பால் தீயவில்லை. நான் அதைப் படித்துவிட்டு, பாவம், இந்த ஆளுக்கு என்று ஒரு நம்பர்கூட இல்லையே என்றுதான் நினைத்தேன். அந்த நம்பரை நான் காணாமல்போன ஒருவருக்காகத்தானே வைத்திருக்கிறேன், இவரும் இருந்துவிட்டுப் போகட்டும். இந்த உடம்பைப் பற்றிப் போலீஸ் பேப்பரில் அறிவிப்புக் கொடுத்தபோது ஸ்டேஷன் நம்பரோடு இதையும் சேர்த்துப் போடுங்கள் என்று ஏட்டிடம் நானே சொன்னேன்.

என் பல்லை எடுத்துவிட்டார்கள். டாக்டர் கையில் கொடுத்துக் காட்டினார். நீ சொன்ன இடத்தில் விரிசல் இருந்தது.

முந்தாநாள் மத்தியானம் அந்தப் போன் அடித்தது. செய்தி இல்லை, மணி. ஆறரை வருஷத்தில் அதில் இன்சூரன்ஸ்காரர்களைத் தவிர யாரும் கூப்பிட்டதில்லை. அழகுராஜா சார் இருக்கிறாரா என்பார்கள், வெளியே போயிருக்கிறார் என்பேன். அப்படித்தான் எடுத்தேன். ஒரு பொம்பளை. மெதுவாக, "இது அவரு நம்பருங்களா?" என்று கேட்டாள்.

அது என் குரல், சரண்யா. நான் எத்தனை பேரிடம் அப்படிக் கேட்டிருக்கிறேன்.

அவள் பெயர் ராமக்காள். நத்தம் பக்கம். புருஷன் அதே 2018-ல் கல் உடைக்கப் போனவர், கேரளாவுக்குப் போய்விட்டார் என்று யாரோ சொன்னதை நம்பி இருக்கிறாள். படிக்கத் தெரியாது. பேப்பர் பார்த்த யாரோ, உன் புருஷன் மாதிரி ஒரு ஆளுக்கு இந்த நம்பர் போட்டிருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். என்ன மாதிரி ஆள், எந்த நிலையில் என்று சொல்லவில்லை. சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை போலிருக்கிறது. "பக்கத்துல இருந்தா ஒரு நிமிஷம் குடுங்கக்கா. நான் ஒண்ணும் சண்டை போடமாட்டேன்" என்றாள்.

நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அங்கிருந்து பார்த்தால் மோட்டார் ரூமும் மூடிய குழியும் தெரியும். இல்லை, தப்பான நம்பர் என்று சொல்லி வைத்துவிடலாம் என்று வாய் வரை வந்தது. வைத்திருந்தால் அவள் இன்னும் பத்து வருஷம் கேரளாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்தப் பத்து வருஷம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். சொல்லிவிட்டால் அது முடிந்துபோகும். அவள் புருஷனை நான் ஒருத்தி ஒரு வார்த்தையில் கொல்ல வேண்டும். பிணவறையில் நீ நின்ற இடம் எது என்று அப்போது புரிந்தது. உன்னை மன்னித்தேனா என்று தெரியாது. நீ நின்ற இடத்தில் நின்றுவிட்டேன், அவ்வளவுதான்.

"அவருக்குப் பல் அடைச்சிருந்தாங்களாம்மா?" என்று கேட்டேன். ஆமாம் என்றாள். எந்தப் பக்கம் என்றதற்கு யோசித்தாள். "எனக்கு எதிர்ல உக்காந்து சிரிச்சா இந்தப் பக்கம் மினுங்கும்" என்றாள். போனில் எந்தப் பக்கம் என்று நான் எப்படிப் பார்க்க? பல் டாக்டர் எடுத்த சின்ன எக்ஸ்ரே ஒன்று வீட்டில் இருக்கிறது என்றாள். எடுத்துக்கொண்டு மதுரைக்கு வரச் சொன்னேன். எதற்கு என்று கேட்டாள். நேரில் சொல்கிறேன் என்றேன். எந்த பஸ், எங்கே இறங்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். அதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஆனால் அழவில்லை. நானும் அழுததில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்குவாள். நான் போய்க் கூட்டி வருகிறேன். வேலையை விடுகிற பேச்சை அதுவரைக்கும் நிறுத்து. கை நடுங்குகிற ஆள்தான் இதைப் பார்க்க வேண்டும். நடுங்காத கை அன்றைக்கு என்ன செய்தது என்று நமக்குத் தெரியும்.

அந்த மஞ்சள் கயிற்று டப்பாவை அவள் கண்ணில் படாமல் உள்ளே எடுத்து வை. பதில் எழுத வேண்டாம், உன் நம்பரைத் திறந்துவிட்டேன். இந்தத் தடவை இடமும் வலமும் சரியாகப் பார்த்துச் சொல். அவள் பக்கத்தில் நான் நிற்பேன்.

உன் மதினி
அன்னக்கொடி